பேர்ட்ஷாட் ஜிப்சம் சுவரைத் தாண்டுமா? எந்தச் சோதனையை நம்புவது?

உங்கள் கேள்வி நீளமானது, சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டெக்ஸாஸில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக 12 கேஜ் ஷாட்கன் ஒன்று வாங்கியிருக்கிறார். "பேர்ட்ஷாட்தான் போட்டு வைத்திருக்கிறேன், சுவரைத் தாண்டாது" என்று தைரியம் சொல்கிறார். பேர்ட்ஷாட் என்பது பறவை சுடும் தோட்டா, அதற்குள் ரவை எனப்படும் பொடி ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வீடியோக்களைத் தேடிப் பார்த்தால் ஒன்றில் ரவை ஜிப்சம் பலகைகளைப் பிய்த்துக்கொண்டு போகிறது, இன்னொன்றில் இரண்டாம் பலகையோடு நின்றுவிடுகிறது. எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். கூடவே, ஊரில் அப்பா வைத்திருக்கும் லைசென்ஸ் துப்பாக்கிக்கும் இதே கணக்குதானா என்று கடைசியில் ஒரு வரி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அந்தப் பொதுச் சுவரை ஒட்டிக் குழந்தையின் கட்டிலைப் போடலாமா என்பதைத்தான். போட வேண்டாம். இன்றைக்கே எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றிவிடுங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

நான் தடய அறிவியல் ஆய்வகத்தில் துப்பாக்கிப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். அமெரிக்க வீட்டுச் சுவர்களைச் சுட்டுப் பார்ப்பது என் வேலையாக இருந்ததில்லை. சுட்டவனுக்கும் சுடப்பட்டவருக்கும் நடுவில் கதவு, கொசுவலை, திரைச்சீலை என்று ஏதாவது இருந்த வழக்குகளில், அதே துப்பாக்கியையும் அதே ரகத் தோட்டாவையும் வைத்துச் சுட்டு, ரவை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்ததுதான் என் கைப்பழக்கம். மீதி, இந்தத் துறையில் எல்லோரும் படிப்பதைப் படித்தது.

முதலில் தோட்டாவுக்குள் இருப்பது. 12 கேஜ் என்பது ஊரில் நாம் சொல்லும் 12 போர்தான். குழல் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதற்குள் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 8ஆம் நம்பர் பேர்ட்ஷாட்டில் ஒரு ரவை 2.3 மி.மீ., கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. ஓர் அவுன்ஸில் 400 ரவைக்கு மேல் இருக்கும், ஒன்றின் எடை 0.07 கிராம். மான் போன்ற பெரிய மிருகங்களுக்கான 00 பக்ஷாட்டில் ஒரு ரவை 8.4 மி.மீ., சுமார் 3.5 கிராம், வழக்கமான தோட்டாவில் 9 இருக்கும். ஸ்லக் என்றால் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம், ஒரே குண்டு. மூன்றும் ஒரே துப்பாக்கியில் போகும், ஏறக்குறைய ஒரே மாதிரி வேகத்தில்தான் கிளம்பும். வினாடிக்கு 360 முதல் 490 மீட்டர் வரை, தோட்டாவைப் பொறுத்து. ஆகவே "ஷாட்கன் சுவரைத் தாண்டுமா" என்ற கேள்விக்குத் துப்பாக்கியைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, தோட்டாவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உருண்டையான ஈய ரவை எவ்வளவு தூரம் துளைக்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது, எதிரே வரும் தடையை முட்டும் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னால் இருந்து தள்ளும் எடை இரண்டு மடங்காகிறது. பெரிய ரவை ஆழமாகப் போவதற்கும், பொடி ரவை காற்றிலேயே களைத்துப்போவதற்கும் இதுதான் காரணம். 8ஆம் நம்பர் ரவை 40 கெஜம் போவதற்குள் கிளம்பிய வேகத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேள்விப்பட்டது இந்த உண்மையாக இருக்கலாம். ஆனால் அது வயல்வெளி உண்மை. அவருடைய ஹாலின் நீளம் நாலைந்து கெஜம்தான் இருக்கும்.

அந்தத் தூரத்தில் நடப்பது வேறு. குழலை விட்டு வெளியே வரும்போது ரவைகள் தனித்தனியாகப் பறப்பதில்லை, பிளாஸ்டிக் வாட் என்னும் கிண்ணத்துக்குள் ஒரே கட்டியாக வருகின்றன. கிண்ணத்தின் இதழ்கள் காற்றில் விரிந்து பின்தங்கிய பிறகுதான் ரவைகள் மெல்ல மெல்லப் பிரியத் தொடங்கும். ஒரு மீட்டருக்குள் சுட்டால் துணியிலோ அட்டையிலோ ஒரே வட்ட ஓட்டை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஓட்டையின் விளிம்பு எலி கரண்டியது போலப் பிசிறு பிசிறாக இருக்கும். எங்கள் பாடப் புத்தகங்களிலேயே அதற்கு எலி ஓட்டை என்றுதான் பெயர். அதற்கும் அப்புறம் நடு ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் தனித்துத் தெரிய ஆரம்பிக்கும். பரவல் எவ்வளவு என்பதற்கு ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம் என்று வாய்ப்பாடு சொல்வார்கள். அது தோராயம்தான். குழல்முனையில் சோக் என்னும் குறுக்கம் இருந்தால் குறையும். ஃபெடரல் நிறுவனத்தின் ஃபிளைட்கன்ட்ரோல் போன்ற வாட்கள் ரவையை நீண்ட தூரம் பிடித்துவைத்திருப்பதற்கென்றே செய்யப்பட்டவை, அவற்றில் இன்னும் குறையும். வாய்ப்பாட்டையே வைத்துக்கொண்டாலும் நாலு கெஜத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் நானூறு ரவையும் ஒரே நேரத்தில் சுவரில் மோதுகின்றன. தனி ரவையின் பலவீனம் அங்கே கணக்கில் வராது. முன்னால் போகும் ரவை பலகையை நொறுக்க, பின்னால் வருவது அந்தத் திறந்த வழியிலேயே போகிறது.

சுவர் என்று அங்கே சொல்வதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாதாரண உட்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகைகள், நடுவில் மூன்றரை அங்குலக் காலியிடம், சில வீடுகளில் அந்த இடத்தில் கண்ணாடிப் பஞ்சு. ஜிப்சம் என்பது காகிதம் ஒட்டிய சுண்ணப் பொருள்தான், நகத்தால் கீறினாலே பொடி உதிரும். இரண்டு குடும்பங்களுக்கு நடுவிலுள்ள பொதுச் சுவர் பெரும்பாலும் இதைவிடக் கனமாக இருக்கும், தீ பரவாமலிருக்க அதில் 5/8 அங்குலப் பலகை போடுவார்கள், சில இடங்களில் இரண்டு அடுக்கு. உங்களுக்குச் சாதகமான விஷயம் இது. ஆனால் ஸ்விட்ச் பெட்டிக்காகவும் குழாய்க்காகவும் அந்தப் பலகையில் எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. தீயைத் தாமதப்படுத்தக் கட்டிய சுவர் அது, ரவையைத் தடுக்கக் கட்டியதல்ல.

சரி, சோதனைகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன? நான் அதிகம் பார்த்த விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். நெருக்கமாக வரும் ரவைக் கூட்டம் நடுவில் மெல்லிய எதையாவது தொட்டால், முன்வரிசை ரவைகள் கொஞ்சம் வேகம் குறைகின்றன. பின்வரிசை வந்து அவற்றின் முதுகில் மோதுகிறது. கேரம் பலகையில் நடுவில் அடுக்கிய காய்களை ஸ்ட்ரைக்கர் உடைப்பது போல எல்லாம் பக்கவாட்டில் சிதறிவிடும். ஒரு கொசுவலைகூட இதற்குப் போதும். ஜன்னல் வலையைத் தாண்டி வந்த ரவை, பத்தடிக்குள் சுட்டதாக இருந்தாலும், பல கெஜம் தள்ளிச் சுட்டது போன்ற பரவலை உடம்பில் காட்டும். தூரத்தைக் கணக்கிடும் எங்களுக்கு இது பெரிய தலைவலி. வலை நடுவில் இருந்ததைக் கவனிக்காமல் பரவலை மட்டும் அளந்தால், அறைக்குள் நின்றவன் தெருவில் நின்றதாக அறிக்கை போய்விடும். அதனால்தான் சம்பவ இடத்து வலையையோ கதவுப் பலகையையோ அறுத்து எடுத்து வரச் சொல்வோம். அதே ரகத்தில் புதிதாக ஒன்று வாங்கி நட்டுவைத்து, ஒவ்வொரு தூரத்திலிருந்தும் சுட்டு, பின்னால் தொங்கும் வெள்ளைத் தாளில் விழுந்த துளைகளோடு ஒப்பிடுவோம்.

ஜிப்சம் சுவரிலும் இதே கதைதான். முதல் பலகையில் உள்ளங்கை அகல ஓட்டை, காலியிடத்தில் சிதறல், இரண்டாம் பலகையில் அதைவிடப் பெரிய, ஒழுங்கில்லாத ஓட்டை. பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கி வைத்துச் சுட்டால் சிதற இடமே இல்லை, முடிவு வேறு. மூன்றரை அங்குல இடைவெளி விட்டால் வேறு. அறை அகலத்துக்கு, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி அடுத்த சுவரை நட்டால் இன்னும் வேறு. நீங்கள் பார்த்த இரண்டு வீடியோவும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் மூன்றடியிலிருந்தும் மற்றவர் முப்பதடியிலிருந்தும் சுட்டிருந்தால் இரண்டு முடிவும் சரியாகவே இருக்கும்.

முறையான சோதனை என்றால் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நெறிமுறையைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அது பிறந்த கதையைச் சொன்னால்தான் அதன் எல்லையும் புரியும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் வங்கிக் கொள்ளையர் இருவருடன் நடந்த சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். கொள்ளையன் பிளாட் மீது பட்ட ஒரு 9 மி.மீ. குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். அடுத்த சில வருடங்களில் எஃப்.பி.ஐ. உருவாக்கிய முறையில், சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்கு முன்னால் தடித்த உடை, இரண்டு இரும்புத் தகடு, இரண்டு அரை அங்குல ஜிப்சம் பலகை, முக்கால் அங்குல ப்ளைவுட், 45 டிகிரி சாய்த்த கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை சுடுவார்கள். ஜிப்சம் பலகைகளுக்கு நடுவில் மூன்றரை அங்குலம், கடைசிப் பலகைக்கும் ஜெலட்டினுக்கும் நடுவில் 18 அங்குலம். குண்டு ஜெலட்டினில் 12 அங்குலமாவது போக வேண்டும், 18ஐத் தாண்டக் கூடாது.

கவனியுங்கள், அந்தச் சோதனை கேட்பது "தடையைத் தாண்டிய பிறகும் குண்டு தன் வேலையைச் செய்யுமா" என்று. உங்கள் கேள்வி நேர் எதிர், "தாண்டிய பிறகு ஆபத்தில்லாமல் போகுமா" என்று. ஒரே அட்டவணையை இரண்டு பேரும் படிக்கலாம், ஆனால் அவர்கள் தேர்ச்சி என்று போட்ட இடம் உங்களுக்குத் தோல்வி. அது முதன்மையாகக் கைத்துப்பாக்கியின் விரியும் குண்டுகளுக்காக வகுத்த முறை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முனையில் குழியுள்ள குண்டு ஜிப்சத்தைத் துளைக்கும்போது அந்தக் குழி மாவால் அடைபட்டுப் போகலாம். அடைபட்டால் விரியாது, விரியாவிட்டால் வெறும் உடலில் போவதைவிட ஆழமாகப் போகும். தடை வைத்ததால் துளைப்பு கூடும் என்பது கேட்க விபரீதமாக இருந்தாலும் நடப்பது அதுதான். ஈய ரவைக்கு அடைபடக் குழி ஏதும் இல்லை. அது தட்டையாகும், வேகம் குறையும், அவ்வளவுதான். கைத்துப்பாக்கிச் சோதனையின் பாடத்தை அப்படியே ஷாட்கன்னுக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

ஜெலட்டின் பற்றியும் இரண்டு வார்த்தை. சரியான முறையில் அது எடையில் 10 சதவீதக் கரைசல், 4 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். சுடுவதற்கு முன் ஒவ்வொரு கட்டியிலும் 4.5 மி.மீ. இரும்பு பிபி குண்டு ஒன்றை வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் செலுத்திப் பார்ப்பார்கள். அது 8.5 செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும், ஒரு செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம். நின்றால்தான் அந்தக் கட்டி தேறும். வீடியோக்களில் வரும் கண்ணாடி போன்ற தெளிவான கட்டி பெரும்பாலும் செயற்கைப் பொருள். பார்க்க அழகு, வெயிலில் உருகாது, திரும்ப வார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஜெலட்டினுக்கும் அதற்கும் ஆழக் கணக்கு ஒன்றாக வருவதில்லை. பிபி சோதனையைக் காட்டாத வீடியோவில் வரும் அங்குலக் கணக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை. தர்பூசணியை வைத்துச் சுடுபவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பழம் வீணாகிறது என்பதைத் தவிர.

ஒரு சோதனையை எடைபோட நான் என்ன பார்ப்பேன் என்றால், முதலில் தடை எதுவும் இல்லாமல் ஒரு சுற்று சுட்டிருக்கிறார்களா என்று. அது இல்லாமல் சுவர் எவ்வளவு குறைத்தது என்று எப்படிச் சொல்வது? அடுத்து, குழல்முனையிலிருந்து முதல் பலகை வரை உள்ள தூரம், சோக், தோட்டாவின் முழுப் பெயரும் ரவை நம்பரும். பிறகு ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் ஒரு தாள் தொங்குகிறதா, எத்தனை துளை என்று எண்ணியிருக்கிறார்களா. பலகையில் ஓட்டை விழுந்தது என்பது பாதித் தகவல்தான், அந்த ஓட்டை வழியாக வெளியே வந்தது எத்தனை ரவை, அதற்கு இன்னும் எவ்வளவு வேகம் மிச்சம் என்பதுதான் மீதிப் பாதி. ஒரு ரவை வெறும் தாளைக் கிழித்துக் கீழே விழுந்ததற்கும் ஜெலட்டினில் இரண்டு அங்குலம் புதைந்ததற்கும் உள்ள வித்தியாசம், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்குப் பெரிய வித்தியாசம். கடைசியாக, ஒரு தடவை சுட்டார்களா, பல தடவையா. ஷாட்கன்னில் ஒரே பெட்டித் தோட்டாவிலேயே பரவல் மாறும்.

இவ்வளவையும் வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. அறைத் தூரத்தில் 00 பக்ஷாட்டோ ஸ்லக்கோ ஒரு ஜிப்சம் சுவரோடு நிற்காது, அடுத்தடுத்த அறைகளுக்கும் போகும். பேர்ட்ஷாட்டும் அதே தூரத்தில் சாதாரண உட்சுவரின் இரண்டு பலகையையும் துளைத்து வெளியே வரும், ஆனால் வேகம் வெகுவாகக் குறைந்து, சிதறி வரும். அறைகள் கடந்து போகப் போக அதன் ஆபத்து பக்ஷாட்டைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும். இந்த மட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியாதது, உங்கள் சுவரின் அந்தப் பக்கம் வெளியே வரும் ரவைக்கு எவ்வளவு வலு மிச்சமிருக்கும் என்பது. அது அவர் நிற்கும் இடம், சாய்வு, பலகை எத்தனை அடுக்கு, மரச்சட்டத்தில் படுகிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. வயிற்றிலோ தொடையிலோ தோலோடு நிற்கக்கூடிய ரவை, கண்ணிலும் கைக்குழந்தையின் மெல்லிய மண்டையிலும் அப்படி நிற்கும் என்று எந்த ஜெலட்டின் கட்டியும் உத்தரவாதம் தராது. வளர்ந்த ஆளின் சதைக்குச் சமமாக வைத்துக்கொண்ட பொருள் அது.

இன்னொன்றையும் அவரிடம் எடுத்துச் சொல்லலாம், தன் பாதுகாப்புக்காகத்தானே வாங்கியிருக்கிறார். அதே பேர்ட்ஷாட் ஜெலட்டினில் 12 அங்குலத்தை எட்டுவதில்லை, பாதியைத் தாண்டுவதே அபூர்வம். சுவரில் சீக்கிரம் நிற்கும் ரவை, தடித்த கோட்டு போட்டு வரும் திருடனிடமும் சீக்கிரம் நிற்கும். ஆளை நிறுத்தும், சுவரைத் தாண்டாது என்று இரண்டு வரமும் ஒன்றாகக் கிடைக்கும் தோட்டாவைத் தேடி அங்கே பலர் காசு செலவழிக்கிறார்கள். ஈயமும் ஜிப்சமும் சதையும் இருக்கிற இருப்பில் அப்படி ஒன்று கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் செய்யக்கூடியது, எந்தப் பக்கம் நோக்கிச் சுடவே கூடாது என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பது. உங்கள் பக்கச் சுவர் அந்தப் பட்டியலில் முதலில் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். துப்பாக்கி வைத்திருக்கும் பொறுப்பான ஆள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சுட்டுப் பார்த்தே தீருவேன் என்று அவர் சொன்னால், பின்னால் மண்மேடு உள்ள துப்பாக்கிச் சுடும் தளத்துக்குப் பலகைகளை எடுத்துப் போகட்டும், கண்ணாடி அணிந்துகொண்டு.

இனி அப்பாவின் துப்பாக்கி. நம் ஊர் எஸ்.ஜி. தோட்டாவும் அமெரிக்க 00வும் ரவை அளவில் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை எஸ்.ஜி. ரவை தாண்டாது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும் பூசியது என்றால் நிறுத்திவிடும், காரையைப் பெயர்க்கும். ஆனால் ஜிப்சத்தில் இல்லாத இன்னொரு ஆபத்து இங்கே வருகிறது. கெட்டியான பரப்பில் சாய்வாகப் படும் ரவை பந்து போல அதே கோணத்தில் திரும்பி எழுவதில்லை, பெரும்பாலும் அதைவிடத் தாழ்ந்த கோணத்தில், சுவரையோ தரையையோ ஒட்டியே சறுக்கிக்கொண்டு போகும். சிமெண்டுத் தரையில் பட்டால் முழங்காலுக்குக் கீழே பறக்கும், சுவரோடு சாய்ந்து நிற்பவர் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே அதன் வழியில் நிற்பார். மரக்கதவும் ஜன்னலும் ஓட்டுக் கூரையும் அங்கேயும் தடையே அல்ல. சோதித்துப் பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். லைசென்ஸ் எந்தக் காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு வெளியே, வீட்டுக் கொல்லையில் சுவரை நோக்கிச் சுட்டால் அது 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகலாம், லைசென்ஸும் போகலாம். அப்பாவிடம் தோட்டாவையும் துப்பாக்கியையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறாரா என்று மட்டும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும்.